நொவாக் விருதுக்கு உங்கள் பெயரை யார் சொல்வார்?

மதத்துக்கும் பொருளாதாரச் சுதந்திரத்துக்கும் உள்ள உறவை ஆராயும் இளம் ஆய்வாளர்களுக்கு ஆக்டன் நிறுவனம் வழங்குவது நொவாக் விருது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், கிராண்ட் ராபிட்ஸ் நகரில், 1990இல் தொடங்கப்பட்ட நிறுவனம் இது. பரிசுத்தொகை பல ஆண்டுகள் 10,000 டாலராக இருந்தது. விருது பெறுபவர் 'காலிஹன் சொற்பொழிவு' மேடையில் தம் ஆய்வை விளக்க வேண்டும். பேராசிரியர்களும் ஆய்வாளர்களும் பரிந்துரைக்கும் பெயர்களிலிருந்துதான் தேர்வு நடக்கும். எனவே முனைவர் பட்ட ஆய்வு பாதியில் இருக்கும்போதே தயாராகத் தொடங்குங்கள். பட்டம் பெற்று எத்தனை ஆண்டு ஆகியிருக்கலாம் என்பது போன்ற விதிகள் மாறக்கூடியவை. அந்தந்த ஆண்டின் அறிவிப்பை மட்டுமே நம்புங்கள்.

முதலில், கொடுப்பவரைப் படியுங்கள். விருதுக்குப் பெயர் தந்த மைக்கேல் நொவாக் கத்தோலிக்கச் சிந்தனையாளர். இளமையில் இடதுசாரிப் பக்கம் நின்றவர், 1982இல் வெளியிட்ட நூலில் ஜனநாயக முதலாளித்துவத்துக்கு அறநியாயம் உண்டு என்று வாதிட்டார். 1994இல் டெம்பிள்டன் பரிசு பெற்றார்; 2017இல் மறைந்தார். ஆக்டன் நிறுவனத்தின் சாய்வும் சந்தையின் பக்கம்தான். அதை அவர்கள் மறைப்பதும் இல்லை. எல்லாவற்றையும் அரசே நடத்த வேண்டும் என்பது உங்கள் முடிவானால் வேறு விருது தேடுவது நல்லது. அதற்காகச் சந்தைக்குத் துதி பாடவும் வேண்டாம். கூலிக்கு எழுதியது எது, தேடி எழுதியது எது என்று ஆய்வுலகில் ஊறியவர்களுக்கு இரண்டு பக்கத்தில் தெரிந்துவிடும்.

அடுத்தது கேள்வி. பாதிப் பேர் இங்கேதான் சறுக்குகிறார்கள். "மதம் வளர்ச்சிக்கு உதவுமா?" என்பது பட்டிமன்றத் தலைப்பு. சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் 1904-05இல் புராட்டஸ்டண்ட் அறநெறியையும் முதலாளித்துவ மனப்போக்கையும் இணைத்து எழுதியதிலிருந்து விவாதம் ஓயவில்லை. 2009இல் பொருளியலாளர்கள் பெக்கரும் வோஸ்மானும் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரஷ்யாவின் மாவட்டத் தரவுகளை எடுத்தார்கள். புராட்டஸ்டண்ட் பகுதிகள் செழித்ததற்கு எழுத்தறிவே பெரும்பகுதி காரணம், விவிலியத்தை எல்லோரும் படிக்க வேண்டுமென்று லூதர் விரும்பியதன் பக்கவிளைவு அது, என்று வாதிட்டார்கள். மத்திய கிழக்கு ஏன் பின்தங்கியது என்று கேட்ட பொருளியலாளர் திமூர் குரான் 2010இல் வந்த நூலில் இஸ்லாமியச் சட்டத்தைக் காட்டினார்: பங்குதாரர் ஒருவர் இறந்தால் கலைந்துபோகும் கூட்டு வணிகம், செல்வத்தைத் துண்டாக்கும் வாரிசுரிமை, மாற்ற முடியாத வக்ஃபு என்ற அறக்கட்டளை. இரண்டு ஆய்வுகளும் ‘மக்களின் மனசு அப்படி’ என்பதோடு நிற்காமல், மதம் எந்த வழியாகப் பணத்தைத் தொடுகிறது என்று தேடின. உங்கள் ஆய்விலும் அப்படி ஒரு வழி இருக்கிறதா? ஒரே வாக்கியத்தில் சொல்ல வராவிட்டால் அத்தியாயம் இன்னும் வேகவில்லை.

அளவுகோல்களில் கவனம் தேவை. ஃபிரேசர் நிறுவனத்தின் பொருளாதாரச் சுதந்திரக் குறியீடு 0 முதல் 10 வரை மதிப்பெண் தருகிறது. அரசின் அளவு, சட்டமும் சொத்துரிமையும், நாணயத்தின் நிலைத்தன்மை, வெளிநாட்டு வணிகம், கட்டுப்பாடுகள் என ஐந்து பகுதிகள் அதில் உண்டு. கூட்டு மதிப்பெண்ணை மட்டும் எடுத்து மதத்தோடு பொருத்துவது சோம்பேறித்தனம். உங்கள் வாதம் எந்தப் பகுதியைப் பற்றியதோ அதைத் தனியே பாருங்கள். இறையியல் துறையினர் மூல உரைகளை முழுதாகப் படியுங்கள். 1891இல் வந்த திருத்தந்தையின் 'ரேரும் நொவாரும்' சுற்றுமடல் தனிச்சொத்தையும் காக்கிறது, தொழிலாளர் சங்கத்தையும் காக்கிறது. ஒரு பாதியை மட்டும் மேற்கோள் காட்டுவோர் இரு முகாமிலும் இருக்கிறார்கள்.

பிறகு வெளியீடு. ஆக்டன் நிறுவனமே ‘ஜர்னல் ஆஃப் மார்க்கெட்ஸ் அண்ட் மொராலிட்டி’ என்ற ஆய்விதழை நடத்துகிறது. அதில் ஒரு கட்டுரை வந்தால் நல்லது. ஆனால் எல்லாக் கட்டுரையும் அங்கேயே வந்தால் சந்தேகம் எழும். உங்கள் கருத்தை ஏற்காத ஆசிரியர் குழு நடத்தும் இதழிலும் ஒன்றாவது வரட்டும்.

பரிந்துரைப்பவர் பெரிய பெயராக இருக்க வேண்டியதில்லை. உங்கள் அத்தியாயத்தைப் படித்து ஓரங்களில் கிறுக்கியவரே போதும். கடைசித் தேதிக்கு ஒரு மாதம் முன்பே அவரிடம் கேளுங்கள். தற்குறிப்பு, சிறந்த இரண்டு கட்டுரைகள், ஆய்வைச் சாதாரண மொழியில் சொல்லும் ஒரு பக்கம், இவற்றைச் சேர்த்துக் கொடுங்கள். பரிந்துரைக் கடிதத்தின் வாசகத்தை நீங்களே எழுதித் தராதீர்கள். தந்தால் எல்லாக் கடிதமும் ஒரே குரலில் பேசும்.

காத்திருக்கும் நாட்களில் அந்த ஒரு பக்கத்தைச் சொற்பொழிவாக விரித்து, உங்கள் துறையைச் சேராத இருவர் முன் பேசிப் பாருங்கள். ஒருவர் கடை நடத்துபவராக இருந்தால் இன்னும் நல்லது, வட்டியைப் பற்றி அவர் கேட்காமல் விடமாட்டார்.