நூறு வயது நாடக நடிகை ஜோரா சேகல்

இந்த மாதச் சுவர் இதழில் ஒரு நாடக நடிகையைப் பற்றி எழுதுகிறேன். அவர் பெயர் ஜோரா சேகல். உருது, இந்தி, ஆங்கிலம் என்று மூன்று மொழிகளில் மேடை ஏறியவர். நடனம் சொல்லிக் கொடுத்த டீச்சரும் கூட.

இளமை

1912 ஏப்ரல் 27 அன்று உத்தரப் பிரதேசத்தில் உள்ள சகாரன்பூரில் பிறந்தார். வீட்டில் உருது பேசுவார்கள். சிறு வயதிலேயே அம்மா இறந்துவிட்டார். பெண் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்பது அந்த அம்மாவின் ஆசை. அதன்படி லாகூரில் ராணி மேரி கல்லூரியில் சேர்த்தார்கள். அங்கே அப்போது கோஷா முறை இருந்தது.

படிப்பு முடிந்ததும் மாமாவோடு காரிலேயே மேற்காசிய நாடுகள் வழியாகப் போய், பிறகு கப்பலில் ஐரோப்பா சேர்ந்தார். ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரில் மேரி விக்மன் பள்ளியில் மூன்று ஆண்டுகள் நடனம் கற்றார். கோஷாவில் வளர்ந்த பெண் அந்தக் காலத்தில் அவ்வளவு தூரம் போனதை நினைத்தாலே எனக்கு ஆச்சரியமாக இருக்கு!

நடிகை, ஆசிரியை

1935-ல் உதயசங்கர் நடனக் குழுவில் சேர்ந்து பல நாடுகளில் ஆடினார். பிறகு அல்மோராவில் உதயசங்கர் தொடங்கிய கலை மையத்தில் ஆசிரியை ஆனார். 1945-ல் பம்பாயில் பிருத்விராஜ் கபூரின் பிருத்வி தியேட்டர்ஸ் நாடகக் குழுவில் சேர்ந்து, 14 ஆண்டுகள் ஊர் ஊராகச் சென்று இந்தி நாடகங்களில் நடித்தார்.

1959-ல் கணவர் இறந்தார். இரண்டு பிள்ளைகள். இனிமேல் என்ன இருக்கு என்று அவர் உட்காரவில்லை. 1962-ல் நாடகம் படிக்க உதவித்தொகை பெற்று லண்டன் போனார். அப்போது அவருக்கு வயது 50! அங்கே நடனப் பள்ளியில் சொல்லிக் கொடுத்தார். ஆங்கிலத் தொலைக்காட்சித் தொடர்களிலும் நடித்தார்.

அக்கா தங்கை

அவர் தங்கை உஸ்ராவும் நடிகைதான். இருவரும் பிருத்வி குழுவில் சேர்ந்து நடித்தவர்கள். நாடு பிரிந்த பிறகு உஸ்ரா பாகிஸ்தான் போய்விட்டார். பல வருடம் கழித்து, 1993-ல் லாகூரில் ‘ஏக் தீ நானி’ என்ற உருது நாடகத்தில் இருவரும் சேர்ந்து நடித்தார்கள். பிரிவினையால் பிரிந்த இரண்டு சகோதரிகளின் கதைதான் அது. அவர்கள் கதையே மேடைக்கு வந்த மாதிரி.

2010-ல் பத்ம விபூஷண் விருது பெற்றார். 2014 ஜூலை 10 அன்று 102-ஆம் வயதில் மறைந்தார்.

நாம் கற்க வேண்டியது

எங்கள் வகுப்பில் இங்கிலீஷ் பாடத்தை எழுந்து வாசிக்கச் சொன்னால், பாதிப் பேர் தலையைக் குனிஞ்சுக்குவோம். நானும்தான். தப்பா வாசிச்சா சிரிப்பாங்களோ என்று பயம். போன வாரம் முதன்முறையாக நானே கையைத் தூக்கினேன். இரண்டு இடத்தில் தப்பு வந்தது. சிலர் சிரித்தார்கள். டீச்சர் திருத்தினார்கள். உட்காராமல் கடைசி வரி வரை வாசித்தேன்.

பத்தாவதோடு போதும் என்று சில அக்காமார்களை நிறுத்திவிடுகிறார்கள். ஜோராவின் அம்மா மாதிரி எல்லா அம்மாவும் நினைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! ஐம்பது வயதில் ஒருவர் மறுபடி மாணவி ஆகலாம் என்றால், நமக்கு பதினாலு வயதில் என்ன பயம்?

சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம் என்பார்கள். மற்ற மொழியும் அப்படித்தான்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி