மாவு பாக்கெட்டில் 1,410: கலோரியா, ஜூலா?

(குழுக் கூட்டத்தில் ஒருவர் படித்துக் காட்ட, மற்றவர்கள் கேட்டுப் பேசலாம். ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் ஒரு எண்ணெய் பாக்கெட்டும் பக்கத்தில் இருக்கட்டும்.)



இந்த மாத ஊட்டச்சத்துப் பாடத்தை நான் செய்த ஒரு தப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் சொன்னால்தான் இன்னொரு குழுவில் அதே தப்பு நடக்காது.

இரண்டு வருடம் முன்பு நமது குழு ஒன்று சத்துமாவு தயாரித்து விற்கத் தொடங்கியது. கிலோவுக்கு ராகி 500 கிராம், பொட்டுக்கடலை 200, பச்சைப்பயறு 200, வேர்க்கடலை 100. வறுத்து, அரைத்து, சலித்து, கால் கிலோ பாக்கெட். லேபிளில் சத்து விவரம் போடவேண்டும் என்றார்கள். அந்தக் கணக்கை நான் போட்டேன். ஒவ்வொரு தானியத்துக்கும் அட்டவணையைப் பார்த்து, கூட்டி, வகுத்து, 100 கிராமுக்கு 1,410 என்று வந்தது. பக்கத்தில் "கலோரி" என்று எழுதி அச்சுக்குக் கொடுத்துவிட்டேன்.

லேபிள் அழகாக வந்தது. 300 பாக்கெட்டும் விற்றுப்போனது.

மூன்று மாதம் கழித்து அங்கன்வாடியில் எடை போடும் நாளில் போயிருந்தேன். நமது உறுப்பினர் ஒருவருடைய இரண்டு வயதுப் பெண் குழந்தைக்கு மூன்று மாதமாக எடை ஏறவே இல்லை. காய்ச்சல், பேதி ஒன்றும் இல்லை. அம்மா அழுத்தமாகச் சொன்னார்: "மேடம், நம்ம சத்துமாவுதான் தவறாம குடுக்கறேன். நீங்க கூட்டத்துல சொன்ன கணக்குப்படிதான்."

என்ன கணக்கு? "ஒண்ணுலேர்ந்து மூணு வயசுக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு ஆயிரம் கலோரி வேணும்னு சொன்னீங்க. பாக்கெட்ல 100 கிராமுக்கு 1,410னு போட்டிருக்கு. அப்போ 70 கிராம் மாவு போதும்ல? அதைக் கஞ்சியா ரெண்டு வேளை குடுத்துடறேன். மத்தபடி கேட்டா ரெண்டு வாய் சோறு."

அவர் போட்ட கணக்கில் ஒரு பிழையும் இல்லை. பிழை நான் எழுதிக் கொடுத்த லேபிளில் இருந்தது. அந்த 1,410 கலோரி அல்ல, கிலோஜூல். கலோரியில் சொன்னால் அந்த மாவில் 100 கிராமுக்கு 337தான். 70 கிராம் மாவில் கிடைப்பது 236. குழந்தைக்குத் தேவையானதில் கால் பங்குகூட இல்லை.

தப்பைக் கண்டுபிடித்ததும் நான் இல்லை. அன்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அக்கா, எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர், சமையல்கட்டிலிருந்து எண்ணெய் பாக்கெட்டை எடுத்து வந்தார். "எண்ணெய்லயே 900னுதான் போட்டிருக்கு. எண்ணெய்யைவிட மாவுல சத்து ஜாஸ்தியா, அது எப்படி மேடம்?" என்றார். எனக்கு முகம் வேர்த்துவிட்டது.

பவுனும் கிராமும் மாதிரி

நகைக் கடன் வாங்கப் போகிறோம். மூன்று பவுன் சங்கிலி. ரசீதில் 24 கிராம் என்று எழுதுகிறார்கள். 24 என்றதும் நகை கூடிவிட்டது என்று யாராவது சந்தோஷப்படுவோமா? ஒரு பவுன் 8 கிராம், தங்கம் அதே தங்கம் என்று தெரியும். கலோரியும் ஜூலும் அப்படித்தான். உணவில் உள்ள சக்தி ஒன்றே. அளக்கிற கோல்தான் வேறு.

ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க எவ்வளவு வெப்பம் வேண்டுமோ அது ஒரு கிலோகலோரி. சாப்பாட்டு விஷயத்தில் டாக்டரும் நர்சம்மாவும் "கலோரி" என்று சொல்வதெல்லாம் இந்தக் கிலோகலோரியைத்தான். வாய்வழக்கில் "கிலோ" விழுந்துவிட்டது. அதில் குழப்பம் வேண்டாம்.

ஜூல் என்பது எல்லா வகைச் சக்தியையும் அளக்க உலகம் முழுக்க விஞ்ஞானிகள் வைத்துக்கொண்ட அளவு. பத்து லிட்டர் தண்ணீரை முப்பத்துமூன்று அடி ஆழக் கிணற்றிலிருந்து ஒரு தடவை இழுத்து மேலே ஏற்றும் வேலை கிட்டத்தட்ட ஒரு கிலோஜூல். அப்படி நாலு தடவை இழுத்தால் ஒரு கிலோகலோரி அளவு வேலை. (ஆனால் அந்த வேலையைச் செய்ய நம் உடம்பு அதைப்போல நாலைந்து மடங்கு செலவழிக்கும். மீதி உடம்புச் சூடாகப் போய்விடும். தண்ணி இழுக்கிறவளுக்குப் பசிக்கிறது என்றால் சும்மா இல்லை.)

சரியான கணக்கு: 1 கிலோகலோரி = 4.184 கிலோஜூல். கிலோஜூலைக் கிலோகலோரி ஆக்க, செல்போனில் 24-ஆல் பெருக்கி, கடைசி இரண்டு இலக்கத்தைத் தள்ளிவிடுங்கள். 1,410 × 24 = 33,840. இரண்டு இலக்கம் போனால் 338. வீட்டுக்கு இது போதும். லேபிள் போடுகிற குழு மட்டும் 4.184-ஆல் வகுத்துப் போடவேண்டும்.

நான் ஏன் ஏமாந்தேன்

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட பழைய உணவு அட்டவணையில் எல்லாம் கிலோகலோரியில் இருக்கும். ராகி 100 கிராமுக்கு 328. பல வருடமாகப் பயிற்சிகளில் அதைத்தான் பார்த்துப் பழக்கம். அதே நிறுவனம் 2017-ல் வெளியிட்ட புதிய அட்டவணையில் சக்தியைக் கிலோஜூலில் போட்டார்கள். அதில் ராகி 1,342. ராகியில் புதிதாகச் சத்து ஏறிவிடவில்லை. 4.184-ஆல் வகுத்தால் 321 வரும். பழைய எண்ணுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. நான் பத்தியின் தலைப்பைப் பார்க்காமல் எண்ணை மட்டும் எடுத்தேன். படித்தவர்கள் செய்கிற தப்பு இது.

அந்த அக்கா பிடித்த பிடி ரொம்ப நல்ல பிடி. எல்லோரும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிராம் மாவுச்சத்தில் 4 கிலோகலோரி, புரதத்திலும் 4, கொழுப்பில் 9. ஆகவே சுத்த எண்ணெயே 100 கிராமுக்கு 900தான். அதற்கு மேலே எந்த உணவிலும் இருக்க முடியாது. 900-ஐத் தாண்டிய எண்ணைப் பார்த்தால் அது கிலோஜூல், இல்லையென்றால் பொய்.

900-க்குக் கீழே இருந்தால் சரி என்றும் நம்பிவிடக்கூடாது. பசும்பால் 100 கிராமில் 67 கிலோகலோரி. கிலோஜூலில் எழுதினால் 280. வெறும் 280 என்று பார்த்தால் சந்தேகமே வராது. அதனால் எண்ணுக்குப் பக்கத்தில் உள்ள எழுத்தைப் பாருங்கள். கே, சி, ஏ, எல் என்று நாலு ஆங்கில எழுத்து இருந்தால் கிலோகலோரி. கே, ஜே என்று இரண்டே எழுத்து என்றால் கிலோஜூல். ஆங்கிலம் தெரியாவிட்டாலும் எழுத்தை எண்ணிவிடலாம்.

நம் நாட்டு பாக்கெட்டுகளில் உணவுப் பாதுகாப்பு விதிப்படி கிலோகலோரியில்தான் சக்தி போடவேண்டும். சொந்தக்காரர்கள் வெளிநாட்டிலிருந்து கொண்டுவரும் பால் பவுடர் டின்னில்தான் கவனம் வேண்டும். ஆஸ்திரேலியாவில் கிலோஜூல் கட்டாயம். ஐரோப்பிய நாட்டுச் சரக்கில் இரண்டும் இருக்கும். டின்னில் 2,000 என்றும் நம் மாவில் 337 என்றும் பார்த்துவிட்டு நம் மாவை மட்டமாக நினைக்கவேண்டாம்.

எதை வைத்துக்கொள்வது என்றால், நமக்குக் கிலோகலோரிதான். 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அங்கன்வாடிக்கும் மதிய உணவுக்கும் எழுதிய அளவுகள் எல்லாம் அதில்தான். தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு மதிய உணவில் 450, ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 700. இரண்டு கோலையும் கலந்தால் கணக்கு நாசம்.

எதற்கு 337?

அளவு சரியானாலும் இன்னொரு கேள்வி இருக்கிறது. படி என்றால் சின்னப்படியா பெரியபடியா என்று கேட்போமே, அதுபோல 337 என்றால் எதற்கு 337 என்று கேட்கவேண்டும். 100 கிராம் காய்ந்த மாவுக்கு. கஞ்சிக்கு அல்ல.

25 கிராம் மாவை ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் காய்ச்சினால் டம்ளர் நிறையும். குழந்தை வயிறும் நிறையும். ஆனால் உள்ளே போனது 84 கிலோகலோரி. தண்ணீருக்குச் சக்தி கிடையாது. அதே மாவைக் கெட்டியாகக் களி பதத்தில் கிண்டி, ஒரு சின்ன ஸ்பூன் எண்ணெய் (5 கிராம், 45 கிலோகலோரி), கொஞ்சம் வெல்லம் (10 கிராம், 38) சேர்த்தால் அதே மாவில் 167 ஆகிவிடும். கிண்ணமும் சின்னது. சின்ன வயிற்றுக்கு இதுதான் வழி.

பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துப் பாருங்கள். 100 கிராமுக்கு 450 என்று இருந்து, பாக்கெட் எடை 40 கிராம் என்றால், பாக்கெட் முழுவதும் தின்றாலும் 180தான். சிலதில் "ஒரு முறை பரிமாறும் அளவு" என்று தனிப் பத்தி இருக்கும். இரண்டு பாக்கெட்டை ஒப்பிடும்போது 100 கிராம் பத்தியை மட்டும் பாருங்கள்.

பாக்கெட்டில் வருகிற சதவீதம் ஒரு நாளைக்கு 2,000 கிலோகலோரி என்று வைத்துப் போட்டது. அது நம் எல்லோருக்குமான அளவு அல்ல. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரைப்படி 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு, உட்கார்ந்து செய்யும் வேலை என்றால் 1,660, நடுத்தர வேலை என்றால் 2,130, கடின உழைப்பு என்றால் 2,720. கர்ப்பமாக இருந்தால் கூட 350. பால் கொடுக்கும் முதல் ஆறு மாதம் கூட 600. நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்விட்டு வந்து எல்லோருக்கும் போட்டு மிச்சத்தைச் சாப்பிடுகிற நம் அக்காக்கள் இந்த எண்ணை வீட்டில் சத்தமாக ஒரு தடவை படிக்கட்டும்.

அந்தக் குழந்தையின் வீட்டுக்கு மறுநாளே போனேன். அம்மாவிடம் தப்பு என்னுடையது என்று சொன்னேன். மாமியார் என்னை நன்றாகத் திட்டினார், வாங்கிக்கொண்டேன். பருப்புச் சோறு, முட்டை, கெட்டிக் கஞ்சி என்று ஐந்து வேளையாகப் பிரித்துக் கொடுத்தார்கள். இரண்டு மாதத்தில் 400 கிராம் ஏறியது. குழு மீதி லேபிளை எல்லாம் கிழித்துப்போட்டு, புது லேபிளில் "100 கிராம் மாவில் 337 கிலோகலோரி" என்று முழுசாக எழுதியது. பாக்கெட் வாங்கிய வீடுகளுக்கு ஊக்குநரும் பிரதிநிதியும் நேரில் போய்ச் சொன்னார்கள். அச்சுச் செலவு நஷ்டத்தை என் கையிலிருந்து கொடுக்கிறேன் என்றபோது குழு தீர்மானம் போட்டுப் பாதி மட்டும் வாங்கிக்கொண்டது.

அடுத்த கூட்டத்துக்கு

ஒவ்வொருவரும் வீட்டில் மாவு அள்ளுகிற கரண்டியைக் கொண்டு வாருங்கள். மளிகைக்கடை எலக்ட்ரானிக் தராசு ஒன்றைக் கேட்டு வாங்கி வைக்கவும். ஒரு கரண்டி மாவை மூன்று தடவை நிறுத்து, சராசரியை நோட்டில் பேருக்கு நேரே எழுதுங்கள். ஒரு குழுவில் செய்தபோது ஒரு வீட்டுக் கரண்டியில் 12 கிராமும் இன்னொரு வீட்டுக் கரண்டியில் 22 கிராமும் வந்தது. பிறகு கிராமை 337-ஆல் பெருக்கி 100-ஆல் வகுத்தால் உங்கள் கரண்டிக்கு எத்தனை கிலோகலோரி என்று வரும். அந்த எண்ணைக் கரண்டிக் காம்பில் நெயில் பாலிஷால் எழுதி வைத்த அக்கா ஒருவர் இருக்கிறார். அதுவும் நல்ல யோசனைதான்.