பாட்டி ஏறிய மலை

அந்தப் பையனின் கட்டுரையைப் படித்து நான் வாய்விட்டுச் சிரித்திருக்கக் கூடாது.

சிங்கப்பூர் டியூஷன் நிலையம் ஒன்றில் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்துவந்தேன். பையன் சீனாவின் ஷியான் நகரத்துக்காரன். உள்ளூர்ப் பள்ளியில் சேர ஏஇஐஎஸ் தேர்வுக்குப் படித்தான். 2,154 மீட்டர் உயர ஹுவாஷான் மலைக்குப் பாட்டியோடு போனதை எழுதியிருந்தான். பாட்டி மலைமேல் ‘க்ரால்’ செய்தாராம். “குழந்தை மாதிரி தவழ்ந்தாரா?” என்றேன். வகுப்பே சிரித்தது. அந்தப் பருவம் முழுக்க அவன் கை தூக்கவே இல்லை.

சீனத்தில் குழந்தை தவழ்வதும் ‘பா’, மலை ஏறுவதும் ‘பா’. தவழ், ஏறு என்று தனித்தனிச் சொல் வைத்துப் பழகிய எனக்கு அது அப்போது உறைக்கவில்லை. நிலையம் கொடுத்த பட்டியலிலும் க்ளைம்ப், க்ளாம்பர், ஸ்க்ராம்பிள் மூன்றுக்கும் எதிரே அதே ‘பா’. பிறகு மேலாளரிடம் முறையிட்டேன், சிலபஸ் முடிந்தால் போதும் என்றார்.

நீங்களும் சீனப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுப்பவரா? பட்டியலை மூடிவைத்துவிட்டு நடித்துக் காட்டுங்கள். உடம்பு தரையை ஒட்டினால் க்ரால். கையும் காலும் சேர்த்து, தட்டுத்தடுமாறித் தொற்றி ஏறினால் க்ளாம்பர். அதில் அவசரமும் சேர்ந்தால் ஸ்க்ராம்பிள். கம்பத்தைக் கட்டிப்பிடித்து ஏறினால் ஷின். எப்படி ஏறினாலும் க்ளைம்ப் பொது. உச்சரிப்பில் க்ளைம்ப்பின் ‘பி’ ஒலிக்காது, க்ளாம்பரில் ஒலிக்கும்.

இந்த வினைகளுக்குப் பின்னால் அப், இன்டு, அவுட் எதைப் போடுவது என்ற குழப்பத்துக்கு விடை அவர்கள் மொழியிலேயே இருக்கிறது. ‘பா ஷாங் ச்யூ’ என்றால் மேலே ஏறிப்போவது. ‘பா ஜின் ச்யூ’ உள்ளே. ‘பா சூ லாய்’ வெளியே வருவது. ‘பா’வுக்குப் பின்னால் வரும் அந்த வாலைப் பிடித்துக்கொண்டால் படகுக்குள் க்ளாம்பர் இன்டு, பள்ளத்திலிருந்து க்ளாம்பர் அவுட் தானே வரும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு ஆண்டு பிடித்தது.

ஹுவாஷானின் படங்களைப் பிறகுதான் பார்த்தேன். செங்குத்துப் பாறையில் வெட்டிய படிகள், பிடித்துக்கொள்ள இரும்புச் சங்கிலி. அங்கே பலரும் நாலு காலில்தான் ஏறுகிறார்கள். பையன் எழுதிய ‘க்ரால்’ அப்படியொன்றும் தப்பில்லை. மலையைப் பார்க்காமல் சிரித்தவள் நான்தான்.

அவன் தேர்வில் தேறிவிட்டான். பாட்டியைப் பற்றி என் வகுப்பில் மறுபடி ஒரு வரிகூட எழுதவில்லை.