இடம்பெயரும் பாடநெறியும் அயற்றளப் பயனர் கணக்கும்

படுவான்கரையிலிருந்து எழுவான்கரைப் பாடசாலையொன்றுக்கு ஒரு மாணவன் மாறி வருகின்றான் எனக் கொள்வோம். மண்முனைப் பாலம் 2014 ஆம் ஆண்டில் திறக்கப்படுமுன் அவன் படகுப்பாதையில் வாவியைக் கடந்திருப்பான். இன்று தரைவழியே வருகின்றான். எவ்வழி வரினும் கையில் விடுகைப் பத்திரம் இருத்தல் வேண்டும். பெயரைக் கேட்ட மாத்திரத்தில் அதிபர் அவனை இடாப்பிற் பதிவதில்லை. பிறந்த திகதியையும் முன்பு கற்ற பாடசாலையையும் ஒப்புநோக்கிய பின்னரே பதிகின்றார். இவ்வொழுங்கின் அருமையை யான் நன்குணர்ந்தது கணினியின் முன்னேயாம்.

சில ஆண்டுகளுக்கு முன் தமிழிலக்கணப் பாடநெறி ஒன்றை மூடில் என்னும் கற்றற் றளத்தில் நடத்தினேன். அதன் காப்புப்பிரதியை எடுத்து, வேறொரு தளத்தில் மீட்டமைக்க முயன்றேன். அயற்றளப் பயனர் கணக்குகள் அதனுள் இருப்பதால் எனக்கு அனுமதியில்லை என்றும், நிர்வாகியை நாடலாம் அல்லது பயனர் விபரமின்றி மீட்டமைக்கலாம் என்றும் திரையில் ஒரு செய்தி தோன்றியது. வீண் தடையென அதனை அன்று வெறுத்தேன்.

அவுஸ்திரேலியரான மார்ட்டின் டூகியமாஸ் உருவாக்கிய மூடிலின் முதற் பதிப்பு 2002 ஆம் ஆண்டில் வெளிவந்தது. 2007 இல் வந்த 1.8 ஆம் பதிப்பு, ஒரு தளத்தில் நுழைந்தவர் மற்றொரு தளத்துக்கும் மறுபடி கடவுச்சொல் இடாமலே செல்லும் வசதியைத் தந்தது. அவ்வாறு வருபவர் அங்கு விருந்தினரைப் போன்றவர். அவர் இன்னார் என்பதற்குச் சான்று கூறுவது அவருடைய தாய்த்தளமே. அவர்தம் கணக்கையே அயற்றளப் பயனர் கணக்கு என்கின்றோம்.

காப்புப்பிரதி பிறிதொரு தளத்துக்குச் செல்லும்போது நிகழ்வன மூன்று. பயனர்பெயரும் தாய்த்தளமும் ஒத்து, மின்னஞ்சல் முகவரியேனும் முதன்முதல் நுழைந்த நேரமேனும் ஒத்திருப்பின், இருவரும் ஒருவரே எனக் கொண்டு மூடில் அவருடைய ஒப்படைகளையும் புள்ளிகளையும் அவர்பாற் சேர்க்கும். பெயரும் தளமும் ஒத்து ஏனைய இரண்டும் ஒவ்வாதாயின், முரண் எனக் கூறி நின்றுவிடும். அப்பெயரே இல்லையாயின் புதுக்கணக்கு ஒன்றைத் தோற்றுவிக்கும். தாய்த்தளத்தைப் புதிய தளம் அறியாதாயின், அயற்றளக் கணக்கு உள்ளூர்க் கணக்காக மாற்றப்படும்; அம்மாற்றம் மீட்டமைப்புப் பதிவேட்டில் எழுதப்படும். கடவுச்சொல் உடன் வாராது. மின்னஞ்சல் வழியே புதியதொன்றைப் பெறல் வேண்டும். அம்முகவரி வழக்கொழிந்ததாயின் மாணவர் வாயிலிலேயே நிற்க நேரும்.

நிர்வாகியின் துணையால் என் பாடநெறி ஒருவாறு மீட்டமைந்தது. ஆயின் ஒரு மாணவிக்கு இரு கணக்குகள் உண்டாயின. நம் பெயர்களை ஆங்கில எழுத்திற் பலவாறு எழுதுகின்றோம். தந்தை பெயரின் முதலெழுத்தைச் சிலர் முன்னும் சிலர் பின்னும் இடுகின்றனர். பழைய தளத்தில் ஒருவிதமாகவும் புதிய தளத்தில் வேறுவிதமாகவும் அவள் பெயர் பதிவாகியிருந்தது. அவள் எழுதிய கட்டுரைகள் ஒரு கணக்கிலும், அவள் அன்றாடம் நுழையும் வெறுங்கணக்கு மற்றொன்றிலுமாக நின்றன. தவணை முடிவில் “ஒப்படைக்கவில்லை” என அவள் பெயருக்கு நேரே எழுதவிருந்தேன். “சேர், நான் எல்லாம் எழுதித் தந்தேனே” என்று அவள் கண்கலங்கிய பின்னரே பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். முன்னரே படித்திருக்க வேண்டியவன் யான், பிழை என்னுடையதே.

ஆதலின் ஆசிரிய நண்பர்க்குச் சில கூறுவேன். பாடங்கள் மாத்திரம் வேண்டுமாயின் பயனர் விபரத்தை நீக்கியே மீட்டமையுங்கள். புதிய வகுப்புக்குப் பழைய மாணவர் கணக்கு வேண்டியதில்லை. புள்ளிகளும் ஆக்கங்களும் வேண்டுமாயின் நிர்வாகியைக் கொண்டே செய்வியுங்கள். அதற்குமுன் இரு தளத்துப் பெயர்ப்பட்டியல்களையும் மின்னஞ்சல்களையும் வரிவரியாக ஒப்புநோக்குங்கள். வெறுமையான பாடநெறியொன்றில் முதலிற் பரீட்சித்துப் பாருங்கள். பதிவேட்டை முற்றாகப் படியுங்கள். மாணவரின் அந்தரங்க விபரங்கள் அடங்கிய அப்பிரதியைக் கைக்குக் கை கொடுத்தலும் தகாது.

1978 நவம்பர் 23 ஆம் நாட் சூறாவளியையும் 2004 டிசெம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலையையும் கண்ட மண் இது. எழுதிவைத்தது ஒருநாளில் அழியக்கூடும் என்பதை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. எனவே பிரதி எடுத்தல் கடமை. ஆயின் பிரதி காப்பது எழுத்தை. அவ்வெழுத்து எவருடையது என்பதைக் காப்பது ஆசிரியரின் கவனம். கணினித்துறையில் விளங்கும் எம் பழைய மாணவர் இப்பணியில் ஆசிரியர்க்குத் துணைநிற்பாராயின், கல்லூரிக்கு அவர் செய்யும் கைம்மாறுகளுள் அதுவும் ஒன்றாகும்.