கை பழகும் வயது

அன்புள்ள மலர்,

பயிற்சி முடிந்து வகுப்பறைக்குள் போகப்போகிறாய். அதற்கு முன் யூபிக் மக்கள் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கும் விதத்தைப் பற்றி உனக்குச் சொல்லியாக வேண்டும் என்று பல நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அலாஸ்காவின் தென்மேற்கில் யூகான், குஸ்கோக்விம் என்ற இரண்டு பெரிய ஆறுகள் பெரிங் கடலில் சேரும் சமவெளிதான் அவர்கள் ஊர். பெரும்பாலான கிராமங்களுக்குச் சாலை கிடையாது. கடைச் சாமான்கள் விமானத்திலும் படகிலும் வருவதால் விலை கட்டுபடியாகாது. ஆற்று மீன், சீல், கடமான், காட்டுப் பழங்கள் இவற்றை நம்பித்தான் இன்றும் குடும்பங்கள் குளிர்காலத்தைக் கடக்கின்றன.

கோடையில் ஆற்றங்கரை முகாமுக்குப் போய் சால்மன் பிடிப்பார்கள். பாட்டியின் கையில் 'உலுவாக்' என்ற அரைவட்டக் கத்தி இருக்கும். தலையை நீக்கி, குடலெடுத்து, நடுமுள்ளின் இருபுறமும் சதையைப் பிரிப்பார். வால் பக்கம் மட்டும் வெட்டாமல் விட்டுவிடுவார். கொடிக்கம்பில் இருபுறமும் தொங்கவிட அது வேண்டும். பிறகு சதையில் சாய்வாக வரிவரியாகக் கீறுவார். கீறல் ஆழமில்லாவிட்டால் உள்ளே ஈரம் தங்கிக் கெட்டுப்போகும், அதிகமானால் தோல் அறுந்து மீன் கீழே விழும். காற்றில் உலர்ந்து மேல்புறம் இறுகிய பிறகே புகைக்குடிலுக்குப் போகும். பேத்தி பக்கத்தில் நின்று பார்ப்பாள். விளக்கவுரை எதுவும் இருக்காது. ஒருநாள் அவள் கையிலும் கத்தி வரும்.

வெளி மாநிலங்களிலிருந்து வரும் ஆசிரியர்களுக்கு இதெல்லாம் புதிது. அதனால் அவர்களும் முதலில் மாணவர்களாக உட்கார வேண்டியிருக்கிறது. ஃபேர்பேங்க்ஸில் உள்ள அலாஸ்கா பல்கலைக்கழகத்தின் ஜெர்ரி லிப்கா, யூபிக் முதியவர்களோடும் ஆசிரியர்களோடும் பல ஆண்டுகள் உட்கார்ந்து கணிதப் பாடங்கள் உருவாக்கினார். மீன் உலர்த்தும் பந்தல் கட்டுவதே ஒரு பாடம். நான்கு மூலையும் நேராக அமைந்திருக்கிறதா என்று மூலைவிட்டங்களைக் கயிற்றால் அளந்து பார்ப்பார்கள். செவ்வகத்தின் இலக்கணம் அங்கே குழந்தையின் கையில் இருக்கிறது. நான் பார்த்த கணிதப் பாடங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

ஆனால் திறமையை மட்டும் பிரித்தெடுத்துப் பாடமாக்கினால் போதாது. இலையுதிர்காலத்தில் தூந்திரா எலிகள் கிழங்குகளைச் சேர்த்து மண்ணுக்கடியில் பதுக்கும். பெண்கள் தரையில் மெத்தென்ற இடத்தைக் காலால் உணர்ந்து, தோண்டி எடுப்பார்கள். முழுவதையும் எடுக்கக் கூடாது. எலிக்குக் குளிர்காலத்துக்கு மிச்சம் வைத்து, எடுத்ததற்கு ஈடாக உலர்ந்த மீன் துண்டையும் போட்டு மூடிவிட வேண்டும். சிறுவன் பிடிக்கும் முதல் வேட்டையும் அப்படித்தான். அது அவன் வீட்டு அடுப்புக்குப் போகாது, முதியவர்களுக்குப் பங்கிடப்படும். தோண்டத் தெரிந்து, திருப்பிக் கொடுக்கத் தெரியாத பிள்ளையை அவர்கள் கற்றவன் என்று எண்ணுவதில்லை.

இந்தக் கல்விக்கு ஒரு வயது உண்டு, மலர். அரசு அதை நீண்ட காலம் உணரவில்லை. கிராமங்களில் உயர்நிலைப் பள்ளி இல்லாததால் பதின்வயதுப் பிள்ளைகளைத் தொலைதூர விடுதிப் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். கை பழக வேண்டிய ஆண்டுகள் அங்கேயே கழிந்தன. எம்மோனக் கிராமத்து மாணவி மாலி ஹூச்சின் பெயரால் அறியப்பட்ட வழக்கு 1976-ல் உடன்பாட்டில் முடிந்த பிறகே கிராமங்களில் உயர்நிலைப் பள்ளிகள் வந்தன.

இப்போது இடைவெளி வேறு வழியில் வருகிறது. யூகான் ஆற்றில் சினூக் சால்மன் மிகவும் குறைந்துவிட்டதால், அதைப் பிடிப்பதை 7 ஆண்டுகள் நிறுத்திவைக்க அலாஸ்காவும் கனடாவும் 2024-ல் ஒப்புக்கொண்டன. மீன் பெருக அது தேவை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அன்று எட்டு வயதான பெண்ணுக்குத் தடை முடியும்போது பதினைந்து ஆகியிருக்கும். அதுவரை வேறு மீனிலாவது அவள் கை பழக வேண்டும். முகாமுக்குப் போவதற்கான காரணமே குறையும்போது, பள்ளியும் ஆசிரியரும் பாட்டிகளோடு சேர்ந்துதான் அதற்கு வழி செய்தாக வேண்டும்.

பாட்டியிடம் வளர்ந்து பேராசிரியரான யூபிக் அறிஞர் ஆஸ்கர் காவாக்லி 1995-ல் தம் மக்களின் உலகப் பார்வை பற்றி ஒரு நூல் எழுதினார். பணியில் சேரும் முன் தேடிப் படி. படித்ததும் எழுது, அவரோடு நீ எங்கே முரண்படுகிறாய் என்பதையும் சேர்த்து.

அன்புடன்,
உன் அத்தை