விரோத ஹிம்சையும் நாட்டுப் பாதுகாப்பும்

ஆண்டுதோறும் மத்திய அரசின் வரவுசெலவுத் திட்டம் வெளிவருங்கால், படைச் செலவைக் குறைக்க வேண்டும் என்பாரும் கூட்ட வேண்டும் என்பாரும் வாதிடுவர். 2025-26ஆம் ஆண்டுக்குப் பாதுகாப்புத் துறைக்கு ஒதுக்கப்பட்ட தொகை ஏறத்தாழ 6.81 லட்சம் கோடி ரூபாய். கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட நாம் இதில் எப்பக்கம் நிற்பது? 'குறைக்க' என்பதே நமக்குரிய விடை என நம் இளைஞர் எண்ணக்கூடும். அறநூல்கள் அவ்வளவு எளிதாக விடை கூறவில்லை.

ஹிம்சை நால்வகைப்படும். கொல்லும் கருத்தோடு செய்வது சங்கல்ப ஹிம்சை. சமைத்தல் முதலிய இல்லப் பணிகளில் நேர்வது ஆரம்ப ஹிம்சை. உழவு முதலிய தொழில்களில் நேர்வது உத்யோக ஹிம்சை. தன்னையும் பிறரையும் நாட்டையும் காக்கும்பொருட்டு எதிர்ப்பதில் நேர்வது விரோத ஹிம்சை. துறவியர் நான்கையும் விடுத்தவர். இல்லறத்தார் முதலாவதை அறவே விடுத்து, ஏனையவற்றை இயன்றவரை சுருக்கக் கடமைப்பட்டவர்.

இதற்குச் சான்று நம் காஞ்சிபுரத்திலேயே உண்டு. திருப்பருத்திக்குன்றத்துத் திரைலோக்கியநாதர் கோயிலின் சங்கீத மண்டபத்தை, 1387-88ஆம் ஆண்டளவில், தம் ஆசிரியர் புஷ்பசேனரின் சொற்படி எழுப்பியவர் இருகப்பர். அவர் விசயநகர அரசின் தண்டநாயகர், சமணர். படைத்தலைமை அவரை அறத்துக்குப் புறம்பாக்கவில்லை.

ஆயினும், அளவின்றிப் படைக்கலம் குவிக்க இஃது இசைவு ஆகாது. ஈண்டு இரண்டு அறங்கள் நமக்கு அளவுகோலாகும்.

ஒன்று, பரிக்கிரகப் பரிமாணம். அதாவது பொருளுக்கு அளவு வரைதல். அச்சத்தாலும் செருக்காலும் தேவைக்கு மேல் வாங்கும் படைக்கலம் அண்டை நாட்டாரையும் அவ்வாறே வாங்கத் தூண்டும். பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் உரிய பொருளைக் குறைக்கும்.

மற்றொன்று, பொச்சாவாமை. பிரமாதம் எனப்படும் கவனமின்மையால் உயிருக்கு ஊறு நேர்வதே ஹிம்சை என்பது தத்துவார்த்த சூத்திரத்தின் கருத்து. 1962இல் சீனப் போரின்போது நம் வீரர் பலர் போதிய குளிராடையும் தக்க படைக்கலமும் இன்றிப் பனிமலைகளில் நிறுத்தப்பட்டனர். வேண்டியதைக் கொடாமல் ஒருவரை எல்லைக்கு அனுப்புவது சிக்கனமும் அன்று, கொல்லாமையும் அன்று.

மேற்கூறிய தொகையில் ஏறத்தாழ 1.60 லட்சம் கோடி ஓய்வூதியத்துக்கு உரியது என்பதையும் அறிதல் நன்று. செலவு முழுதும் ஆயுதம் அன்று.

ஆதலின், கூட்டுவதா குறைப்பதா என்பதற்கு முன் நாம் கேட்கத்தக்கவை மூன்று: இச்செலவு காப்பதற்கா, அச்சுறுத்துவதற்கா? தேவை நேர்மையாகக் கணக்கிடப்பட்டதா? வீரர்க்கு உரியது அவரைச் சென்று சேர்கிறதா? இவற்றை நம் இல்லங்களில் பிள்ளைகளோடு அமர்ந்து சிந்திப்போமாக.

அறம் வளர்க!