மின் கிட்டாரின் மின்கலமும் அதன் ஆயுளும்

மின் கிட்டார்கள் இரு குலத்தன. ஒரு குலத்திற்கு மின்கலம் வேண்டுவதில்லை. மற்றொரு குலமோ மின்கலமின்றி வாய் திறப்பதில்லை. புறத்தோற்றத்தைக் கொண்டு இவற்றைப் பிரித்தறிதல் அரிது. கருவியின் பின்புறத்தே ஒரு சிறு மூடியும், அதனுள்ளே பாட்டரி எனப் பலரும் வழங்கும் ஒன்பது வோல்ட் மின்கலமும் இருப்பின், அது பிந்திய குலத்தைச் சார்ந்தது என்று கொள்ளலாம். இச்சிறு பொருள் எத்துணைக் காலம் உழைக்கும், எதனால் விரைவில் மாய்கின்றது என்பவற்றை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். இசை பயிலும் மாணவர்க்கு இஃது அற்ப விஷயமாகத் தோன்றக்கூடும். ஆயினும், மேடையிற் பாட்டின் நடுவே கருவி ஊமையாகுங்கால், முதலிற் கேபிளையும், பின்னர் ஒலிபெருக்கியையும், கடைசியாக உடன் வாசிப்போரையும் குறைகூறி, மின்கலத்தை மாத்திரம் ஒருவரும் நினையாதிருத்தலை யாம் பன்முறை கண்டிருக்கின்றோம்.

முதற்கண், மின்கலம் வேண்டாத குலத்தை நோக்குவோம். எஃகு நரம்புகளின் கீழே, காந்தத்தைச் சுற்றிப் பல ஆயிரஞ் சுற்றுக்களாக மெல்லிய செப்புக் கம்பி சுற்றப்பட்டிருக்கும். இதனைப் பிக்கப் என்பர். நரம்பு அதிருங்கால் காந்தப்புலம் மாறுகின்றது. மாறவே, கம்பிச் சுருளில் மின்னழுத்தம் பிறக்கின்றது. பாரடே என்னும் அறிஞர் 1831-ஆம் ஆண்டிற் கண்ட மின்தூண்டல் விதியின் பயனே இது. 1930-களின் தொடக்கத்தில், அமெரிக்க தேசத்துக் கலிபோர்னியாவில் ஜார்ஜ் போஷாம்ப், அடால்ப் ரிக்கன்பாக்கர் என்னும் இருவர் விற்பனைக்குக் கொணர்ந்த 'பிரையிங் பான்' என்னும் கருவியும் இம்முறையிலேயே அமைந்தது. வாசிப்பவனுடைய விரலே இங்கு மின்சாரம் ஆக்குகின்றது. ஆதலின் தீர்ந்துபோவதற்கு ஒன்றுமில்லை.

இம்முறைக்கு ஒரு குறை உண்டு. பல்லாயிரஞ் சுற்றுடைய சுருளினின்று வரும் ஒலிக்குறி வலிவற்றது, எளிதில் தடைப்படுவது. கிட்டாரிலிருந்து ஒலிபெருக்கிக்குச் செல்லும் கேபிளின் ஒவ்வொரு மீட்டரும் ஒரு சிறு மின்தேக்கியைப்போல் நின்று, ஒலியின் உச்சப் பகுதிகளைச் சிறிது சிறிதாக விழுங்கிவிடுகின்றது. கேபிள் நீள நீள ஒலி மங்குகின்றது. இதனை நீக்கக் கருதியோர், கிட்டாரின் வயிற்றுள்ளேயே ஒரு சிறு பெருக்கியை அமைத்தனர். அஃது ஒலிக்குறியைப் பிறந்த இடத்திலேயே வலிவுறச் செய்து அனுப்புவதால், நெடிய கேபிளும் அதனைக் கெடுக்கவியலாது. சுருளின் சுற்றுக்களைக் குறைத்துக்கொள்ளவும், இரைச்சலை அடக்கவும், தாழ்ந்த ஒலியையும் உயர்ந்த ஒலியையும் வேண்டியவாறு கூட்டவும் இதனால் இயன்றது. 1976-இல் மியூசிக் மேன் நிறுவனத்தார் வெளியிட்ட ஸ்டிங்ரே என்னும் பாஸ் கிட்டார், இத்தகைய பெருக்கியுடன் தொழிற்சாலையிற் பெருந்தொகையாகச் செய்யப்பட்ட கருவிகளுள் முன்னோடியாகும். அதே ஆண்டில் ராப் டர்னர் என்பவர் கலிபோர்னியாவில் தொடங்கிய தொழிலே பின்னர் இ.எம்.ஜி. என்னும் பெயரால் வளர்ந்து, பெருக்கியைத் தன்னகத்தே கொண்ட பிக்கப்புகளை உலகெங்கும் பரப்பியது. பெருக்கிக்கு உணவு வேண்டுமன்றோ? அவ்வுணவே மின்கலம்.

இனிக் கணக்கிற்கு வருவோம். ஒன்பது வோல்ட் மின்கலம் கிட்டாருக்கென்று பிறந்ததன்று; 1956-இல் டிரான்சிஸ்டர் வானொலிகளுக்காக எவரெடி நிறுவனத்தார் அதனை வெளியிட்டனர். அதன் தகட்டுறையைப் பிரித்தால், ஒன்றரை வோல்ட் கொண்ட ஆறு சிறு கலங்கள் வரிசையாகத் தொடுக்கப்பட்டிருத்தலைக் காணலாம். நல்ல ஆல்கலைன் வகையானது, சிறு மின்னோட்டத்தில், ஏறக்குறைய 500 மில்லியாம்பியர்-மணி அளவு மின்சாரம் தரும். ஒரு மில்லியாம்பியர் உண்ணும் கருவிக்கு அஃது 500 மணி நேரம் போதும். பத்து மில்லியாம்பியர் உண்பதற்கு 50 மணியே. ஆக, ஆயுளை நிருணயிப்பது மின்கலத்தின் பெயரன்று, கருவியின் பசியேயாம்.

மெட்டாலிக்கா குழுவினர் போன்றோர் கையாண்டு புகழ்பெற்ற இ.எம்.ஜி. 81 என்னும் பிக்கப்பை எடுத்துக்கொள்வோம். அது 80 மைக்ரோஆம்பியரே, அதாவது மில்லியாம்பியரிற் பன்னிரண்டில் ஒரு பங்கேனும் நிரம்பாத அளவே, உண்கின்றது. 500-ஐ இதனால் வகுப்பின் 6,250 மணி வரும். ஆனால் செய்தோர் குறித்திருக்கும் ஆயுள் 3,000 மணியே. இவ்வேற்றுமையைக் கண்டு மாணவர் மயங்க வேண்டுவதில்லை. மின்கலத்தை அடிவண்டல்வரை உறிஞ்சிக் கணக்கிடுவது ஏட்டுக் கணக்கு. ஒலி கெடாதிருக்கும் மட்டும் கணக்கிடுவது இசைவாணர் கணக்கு. மின்சாரம் எஞ்சியிருப்பினும் அழுத்தம் தாழ்ந்துவிடுமாயின், அதனால் இசைக்குப் பயனில்லை.

ஒரு கிட்டாரில் இவ்வகைப் பிக்கப் இரண்டு இருப்பது வழக்கம். அப்போது ஆயுள் 1,500 மணியாகும். நாடோறும் ஒரு மணி நேரம் பயில்பவனுக்கு இது நான்கு ஆண்டுக்கு மேல் வரும். அங்ஙனமாயின், அதே கிட்டாரை வைத்திருக்கும் ஒருவன் இரண்டு திங்களுக்கொருமுறை மின்கலம் வாங்குவானேன்? போலிச் சரக்கு என்று கடைக்காரனோடு அவன் வழக்கிடுவானேன்? இக்கேள்விக்கு விடை கருவியின் ஓரத்திலுள்ள ஒரு துளையில் இருக்கின்றது.

கேபிளின் முனையைச் செருகும் அத்துளையை ஜாக் என்பர். இவ்வகைக் கிட்டார்களில் மின்கலத்தை இயக்கவும் நிறுத்தவும் தனியே ஒரு விசை அமைப்பது அரிது, ஜாக்கே விசையாகின்றது. அதன் அமைப்பு எளிது, எனினும் மெச்சத்தக்கது. ஜாக்கினுள் மூன்று தொடுமுனைகள் உள்ளன. ஒன்று ஒலிக்குறிக்கு, ஒன்று நிலத்தொடர்பிற்கு. நடுவேயுள்ள மூன்றாவது முனையில் மின்கலத்தின் எதிர்மின் கம்பி வந்து, மேற்கொண்டு செல்ல வழியின்றிக் காத்து நிற்கும். கிட்டார்க் கேபிளின் பிளக்கிற்கு இரண்டே பகுதிகள். அதன் நீண்ட தண்டு உள்ளே புகுந்தவுடன் நடுமுனையையும் நிலமுனையையும் ஒருங்கே தொட்டு இணைத்துவிடுகின்றது. சுற்று நிறைவுற்று மின்னோட்டம் பாய்கின்றது. பிளக்கை உருவினால் ஓட்டம் நின்றுவிடும்.

இதனால் விளைவது யாதெனில், கேபிள் செருகியிருக்கும் வரை மின்கலம் உழைத்துக்கொண்டேயிருக்கும் என்பதாம். ஒலி அளவைத் திருகிச் சுழியில் வைத்தாலும் அது நிற்பதில்லை. ஒலிபெருக்கியை அணைத்தாலும் நிற்பதில்லை. மேலும், இச்சிறு பெருக்கிகள் பாட்டின் உச்சத்தில் மிகுதியாகவும் மௌனத்திற் குறைவாகவும் உண்பவை அல்ல. வாசித்தாலும் வாசியாதிருந்தாலும் ஏறக்குறைய ஒரே அளவே உண்ணும். சுவரிற் சாய்த்த கிட்டார் இரவெல்லாம் யாரும் கேளாத மௌனத்தை அயராது பெருக்கிக்கொண்டிருக்கின்றது! மேற்கூறிய 1,500 மணியை 24-ஆல் வகுத்துப் பாருங்கள், அறுபத்திரண்டரை நாள். நான்கு ஆண்டு இரண்டு திங்களாகச் சுருங்கியது இவ்வாறே. ஒரு மில்லியாம்பியர் உண்ணும் கருவியாயின் மூன்று வாரமும் தாங்காது. கம்பியில்லாமல் ஒலியனுப்பும் சிறு கருவிகளைக் கிட்டாரிற் செருகியபடியே விட்டுவிடுவோர்க்கும் இதுவே கதி. காலால் மிதித்து இயக்கும் பெடல்களுள் மின்கலம் உடையவையும், அவற்றின் உள்வாயிற் பிளக் செருகியிருக்கும் வரை உண்டுகொண்டேயிருக்கும். மேலேயுள்ள மிதிவிசையை நிறுத்தினால் போதும் என்று எண்ணுதல் கூடாது.

நிற்க. மின்கலம் ஓய்ந்துவருதலை எங்ஙனம் அறிவது? ஒலி படிப்படியாகக் குறையும் என்பது பலரது எண்ணம். முதலிற் புலப்படுவது பெரும்பாலும் ஒலிக்குறைவன்று, ஒலிச்சிதைவு. பெருக்கியினின்று வரும் அலை, மின்கலத்தின் அழுத்தத்தை மீறி உயரவியலாது. ஒன்பது வோல்ட்டாக இருந்த கூரை ஆறாகவும் ஐந்தாகவும் தாழ்ந்துவிடின், மெல்லிய மீட்டல் இடிபடாமற் செல்லும். வலிந்து மீட்டியதும், பாஸ் கிட்டாரின் தடித்த நரம்பின் ஒலியும், தலை வெட்டுண்டு கரகரக்கும். ஆகவே உரத்த இடங்களில் மாத்திரம் கருவி கரகரக்குமாயின், மின்கலத்தையே முதலிற் பார்க்கவேண்டும். வோல்ட்மானி ஒன்று கையிலிருப்பின் ஐயமே இல்லை. புதிய ஆல்கலைன் மின்கலம் ஒன்பதரை வோல்ட்டை ஒட்டிக் காட்டும்; ஏழரைக்குக் கீழே இறங்கிய ஒன்றை மேடைக்குக் கொண்டுசெல்லாதிருத்தல் நலம் என்பது எம் கருத்து. நாவினால் தொட்டுச் சுரீரென்னும் உணர்ச்சியைக் கொண்டு அளக்கும் பழக்கம் இளைஞரிடையே உண்டு. உயிருள்ளதா, இறந்ததா என்பதற்கு மேல் நாக்கு ஒன்றும் சொல்லாது.

மின்கல வகைகளைப் பற்றிச் சுருங்கச் சொல்லுவோம். விலை மலிந்த கார்பன்-துத்தநாக வகை குறைந்த மின்சாரமே தரும்; விரைவிற் கசியவும் செய்யும். லித்தியம் வகை ஆல்கலைனைப்போல் இருமடங்கு வரை தரும், விலையும் அதற்கேற்ப. திரும்ப மின்னேற்றும் நிக்கல் வகையோ ஏறக்குறைய 200 மில்லியாம்பியர்-மணியே கொள்வது. கடைசிவரை அழுத்தம் தாழாதிருந்து திடீரென்று வீழ்வதால், முன்னறிவிப்பும் தராது. பசி மிகுந்த கருவியை நாடோறும் வாசிப்பவனுக்கு அது சிக்கனமே. 80 மைக்ரோஆம்பியர் உண்பதற்கு அது வேண்டுவதில்லை. அத்தகைய கருவியில், வாசிப்பதனாற் செலவழிவதைவிடத் தானே வடிந்துபோவது மிகுதியாகிவிடும்.

இரண்டு மின்கலங்களை வரிசையாக இணைத்துப் பதினெட்டு வோல்ட் ஆக்கிக்கொள்ளும் வழக்கமும் உளது. இதனால் ஆயுள் இருமடங்காகும் என்று சிலர் நம்புகின்றனர். அவ்வாறன்று. வரிசை இணைப்பில் ஒரே மின்னோட்டம் இரண்டின் வழியாகவும் பாய்வதால், இரண்டும் ஒருங்கே தேய்கின்றன. உயர்வது மேற்கூறிய கூரையே. வலிந்து மீட்டுவோர்க்கு அஃது உதவும். எல்லாச் சுற்றுக்களும் அவ்வளவு அழுத்தத்தைத் தாங்குவன அல்ல. செய்தோர் குறிப்பில் இசைவு உண்டோ என்று பார்த்த பின்னரே அதனைச் செய்யவேண்டும்.

நான்கு ஆண்டு தாங்கும் என்று மேலே கணக்கிட்டோமாயினும், அத்துணைக் காலம் ஒரே மின்கலத்தை உள்ளே விட்டுவைக்க யாம் உடன்படோம். ஆல்கலைன் மின்கலத்தினுள் இருப்பது பொட்டாசியம் ஹைடிராக்சைடு என்னும் காரம். மின்கலம் மூப்படைந்து உறை விரிந்தால் அது கசிந்து, செப்புக் கம்பிகளையும் பற்றுமுனைகளையும் அரித்துவிடும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மின்கலத்தைச் சேமிக்கப்போய், பெருக்கிச் சுற்றையே மாற்ற நேரும். ஆண்டுக்கொருமுறை, மாற்றிய தேதியை மின்கலத்தின்மேற் சிறு காகிதத்தில் எழுதி ஒட்டிவிடுவது போதும். நீண்ட விடுமுறைக்குக் கருவியைப் பெட்டியில் வைத்துச் செல்வோர், கேபிளை உருவுவதோடு நில்லாமல், மின்கலத்தையும் வெளியே எடுத்து, அதன் இரு முனைகளும் சாவி முதலிய உலோகங்களிற் படாதவாறு தனியே வைத்துச் செல்க.